மச்சான் குடித்த டீ

என் மச்சான் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினால் முள் கொஞ்ச நேரம் ஆடும். பிறகு நூற்று நாலில் வந்து நிற்கும். நான் ஏறினால் ஆட்டமே கிடையாது, ஐம்பத்தெட்டு. இருவரும் ஒரே அச்சகத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறோம். அவர் பெரிய மெஷின் ஓட்டுகிறவர். நான் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பக்கம் அமைக்கிறவன். அச்சகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ரோலர். அதை வைத்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் தன் ஒரே தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முன்கோபமும் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் யாராவது மட்டமாக நடந்துகொண்டிருந்தால் அது நான்தான். மற்ற எல்லோருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அச்சகத்தில் டீ ஒரு தனி ஏற்பாடு. மசி ஓடிக்கொண்டிருக்கும்போது மெஷினை விட்டு யாரும் நகர முடியாது. அதனால் டீ ஆளைத் தேடி வரும். பைண்டிங் பிரிவில் இருக்கும் அக்கா பெரிய கெட்டிலில் போட்டு எடுத்து வருவார். எல்லோர் கையிலும் மசி, கரண்டி பிடித்துக் கலக்க யாருக்கும் வசதி இல்லை. ஆகவே சர்க்கரை கெட்டிலிலேயே விழுந்துவிடும். ஒன்பது பேருக்கும் ஒரே இனிப்பு, அந்த இனிப்பு மச்சானின் நாக்குக்கு ஏற்ற இனிப்பு. கெட்டிலை வைத்த இடத்தில் எறும்பு வரிசை கட்டி வரும். ஒரு நாளைக்கு ஏழு நடை. நானும் ஏழும் குடிப்பேன், என் உடம்பில் எதுவும் ஒட்டாது. மச்சானுக்கு ஒரு சொட்டு விடாமல் ஒட்டிக்கொள்ளும். நான் அதை வைத்து அவரை ஓட்டாத நாள் கிடையாது.

என் மனைவிக்குக் கல்லீரல் கெட்டுப்போனது இரண்டு வருஷத்துக்கு முன்னால். கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவள். உடம்பே தன் ஈரலைத் தானே தாக்கிக்கொள்ளும் ஒரு நோயாம். மாத்திரையில் கொஞ்ச காலம் ஓடியது. பிறகு கண் மஞ்சளானது, கால் வீங்கியது, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்று டாக்டரம்மா சொன்னார். சொந்தத்தில் ஒருவர் தன் ஈரலில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுத்தால் போதும், இரண்டு பேருக்கும் அது வளர்ந்துவிடும் என்றார். என் இரத்த வகை சேரவில்லை. மச்சானுடையது சேர்ந்தது. அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார்.

ஆனால் ஸ்கேனில் அவருடைய ஈரலிலும் ஒரு கதை இருந்தது. இருபத்தைந்து சதவீதம் கொழுப்பு. அப்படியே வெட்டி வைத்தால் அவளுக்குள் போய் வேலை செய்யாது, மிச்சம் இருப்பது இவருக்கும் போதாது. பத்துக்குக் கீழே இறங்கியாக வேண்டும். அதற்கு எடையில் பத்துக் கிலோவாவது குறைய வேண்டும். ஒன்பது வாரம் தருகிறேன், அதற்கு மேல் உங்கள் தங்கையால் காத்திருக்க முடியாது என்றார் டாக்டரம்மா.

சாப்பாட்டை எல்லாம் விசாரித்துவிட்டு, டீ எத்தனை என்று கேட்டார். ஏழு என்றார் மச்சான். சர்க்கரை? மச்சான் என்னைப் பார்த்தார். ஒரு டீக்கு மூன்று கரண்டி என்று நான்தான் போட்டுக்கொடுத்தேன். டாக்டரம்மா கையால் கணக்குப் போட்டு, தினமும் இருபத்தொரு கரண்டி சர்க்கரையை உங்கள் ஈரல் எங்கே கொண்டுபோய் வைக்கும், கொழுப்பாக்கித் தன்னிடமேதான் வைத்துக்கொள்ளும் என்றார். டீயையே விட்டுவிடவா என்று மச்சான் பரிதாபமாகக் கேட்டார். வேண்டாம், பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடியுங்கள் என்றார். நான் சும்மா இருக்காமல், டீ கொழுப்பைக் கரைக்கும் என்கிறார்களே என்று கேட்டு வைத்தேன்.

"அப்படியெல்லாம் கரைச்சா நான் கடையை மூடிட்டுப் போயிடுவேன்," என்றார் டாக்டரம்மா. "வெறும் டீ உடம்பு எரிக்கிற வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம். அந்தக் கொஞ்சத்தை ஒரு கரண்டி சர்க்கரை முழுங்கிடும். நடங்க, கம்மியாச் சாப்பிடுங்க. டீயை நம்பாதீங்க."

மறுநாள் காலை அச்சகத்தில் விஷயம் பரவியது. மச்சானுக்குத் தனியாக ஒரு பிளாஸ்க் கொண்டுவருகிறேன் என்று நான் சொன்னேன். பைண்டர் அக்கா என்னைப் பார்த்த பார்வையிலேயே பாதி பதில் இருந்தது. பக்கத்தில் எட்டுப் பேர் இனிப்பாக உறிஞ்சிக்கொண்டிருக்க அந்த மனுஷன் மட்டும் கசப்பைக் குடிக்க வேண்டுமா என்று கேட்டார். சர்க்கரை டப்பாவை எடுத்துப் போய்ப் பசை வைக்கும் அலமாரியில் பூட்டினார். அன்றிலிருந்து ஒன்பது பேருக்கும் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. முதல் வாரம் எல்லோர் முகமும் சாவு வீட்டுக்கு வந்த முகம் மாதிரி இருந்தது. வெட்டும் மெஷினில் நிற்பவர் ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் ஒருவரும் வெளியே போய்க் குடித்துவிட்டு வரவில்லை. அவர்களில் யாருக்கும் என் மனைவி சொந்தமில்லை. இரண்டு பேர் அவளை நேரில் பார்த்ததுகூட இல்லை.

மச்சான் வேலைக்கு நடந்தே வந்தார், நடந்தே போனார். ஐந்தாவது வாரம் தொண்ணூற்றேழு. காகிதக் கட்டு எடை போடும் தராசில் வாரா வாரம் ஏற்றிப் பார்ப்போம். நான் எண்ணைக் கத்துவேன், மற்றவர்கள் கை தட்டுவார்கள். அதன் பிறகு நின்றுவிட்டது. ஆறாவது வாரமும் தொண்ணூற்றேழு, ஏழாவது வாரமும் தொண்ணூற்றேழு. அவர் குறை எதுவும் வைக்கவில்லை. உடம்பு அப்படித்தான் ஓர் இடத்தில் முரண்டு பிடிக்கும், விடாமல் செய்யுங்கள் என்றார் டாக்டரம்மா. அதே வாரத்தில் என் மனைவியின் வயிற்றிலிருந்து நாலு லிட்டர் நீர் எடுத்தார்கள். திரும்பி வரும்போது வண்டியில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். பாரமே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அச்சகத்துக்கு ஒரு வேலை வந்தது. மெலிய வைக்கும் தேயிலைச் சாற்றுப் பொடி ஒன்றுக்கு அட்டைப்பெட்டி. "முப்பதே நாளில் பத்துக் கிலோ. தேயிலையின் முழுச் சக்தி ஒரே கரண்டியில்." பச்சையில் இரண்டு இலை, நடுவில் ஒல்லியான ஓர் இடுப்பு. அந்த இரண்டு இலைகளையும் நான்தான் போட்டேன். போன வருஷம் தரை துடைக்கும் திரவத்துக்குப் போட்ட அதே இலைகள். அந்த இடுப்பும் வேறு எதற்கோ வாங்கி வைத்திருந்த படம். முதலில் எட்டுக் கிலோ என்று எழுதிக்கொண்டு வந்த வாடிக்கையாளர், பத்து என்றால் பார்க்க நன்றாக இருக்குமே என்று என் எதிரில் நின்றுகொண்டுதான் மாற்றினார். இவ்வளவும் தெரிந்த ஒருவன் அந்தப் பெட்டியை நம்புவானா? நான் நம்பினேன். மூன்று நாள் மெஷின் ஓடியது. நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, கட்டுக்கு ஒரு தாளாக உருவி உருவி எடுத்தேன். ஒவ்வொரு தாளிலும் பதினாறு பெட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் முப்பதே நாளில் பத்துக் கிலோ. வாயால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அச்சில் வந்துவிட்டதே.

பெட்டிக்குள் பொடி அடங்குகிறதா என்று அளவு பார்க்க வாடிக்கையாளர் கொடுத்த பொட்டலங்கள் நாற்பது போல என் மேஜையில் கிடந்தன. அந்த இரண்டு வாரமும் பைண்டர் அக்கா தன் மகள் பிரசவத்துக்குப் போயிருந்ததால் கெட்டில் என் பொறுப்பில் இருந்தது. மச்சானின் கோப்பையில் மட்டும் பொடியைக் கொட்டிக் கலக்கிக் கொண்டுபோனேன். முதல் நாள் ஒரு பொட்டலம். டாக்டரம்மா டீயை நம்பாதே என்று சொன்னது ஞாபகம் இருந்ததால் அவரிடம் கேட்கவில்லை. மச்சானிடம் கேட்டால் அவர் டாக்டரம்மாவிடம் கேட்பார் என்பதால் அவரிடமும் கேட்கவில்லை. ஒன்று நல்லது என்றால் இரண்டு இன்னும் நல்லது என்று மூன்றாம் நாளிலிருந்து இரண்டு. பிறகு மூன்று.

எடை இறங்கியது. பன்னிரண்டு நாளில் தொண்ணூற்று நாலு. தராசின் முன்னால் நான் குதித்த குதியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது மாப்ள என்றார். நல்லதுதானே என்றேன். அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஒன்பதாவது வாரம் இரத்தப் பரிசோதனை. டாக்டரம்மா தாளை இரண்டு தடவை படித்தார். ஈரல் நொந்துபோனால் இரத்தத்தில் ஏறும் எண்கள் இருக்கின்றனவாம், அவை மச்சானுக்கு ஆறு மடங்கு ஏறியிருந்தன. குடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை. வலி மாத்திரை? இல்லை. நாட்டு மருந்து, பொடி, லேகியம்? எதுவும் இல்லை, டீ மட்டும்தான் என்றார் மச்சான், அவருக்குத் தெரிந்த உண்மையை. அப்படியானால் உங்களுக்கும் தங்கையின் நோயே ஒளிந்திருக்கலாம், குடும்பத்தில் வரக்கூடியதுதான் என்றார் டாக்டரம்மா. காரணம் தெரியாமல் உங்கள்மேல் கத்தி வைக்க மாட்டேன், வேறு ஆள் இருக்கிறார்களா பாருங்கள். வேறு ஆள் இல்லை. அது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

நான் அங்கே வாய் திறக்கவில்லை. நேராக அச்சகத்துக்குப் போனேன். மிச்சமிருந்த தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தேன். பெட்டியை ஒட்டுவதற்காக ஓரத்தில் ஒரு மடிப்பு இருக்கும், அதன்மேல்தான் பசை தடவுவார்கள். ஒட்டிவிட்டால் உள்ளே போய்விடும், யார் கண்ணிலும் படாது. அந்த மடிப்பில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவர் ஆலோசனையின்றி உட்கொள்ளக் கூடாது.

அந்த வரியை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான். இதை எங்கேயாவது கண்ணில் படாமல் போட்டுவிடுங்கள் என்று வாடிக்கையாளர் கேட்டார். பசை மடிப்பில் போடலாமே என்று நான்தான் யோசனை சொன்னேன், அவர் என் தோளைத் தட்டினார். பிழை இருக்கிறதா என்று நாலு தடவை அந்த வரியைப் படித்தும் பார்த்தேன். எங்கள் தொழிலில் படிப்பது என்றால் அதுதான். எழுத்து சரியா, இடைவெளி சரியா, அவ்வளவு. என்ன சொல்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை. வீட்டில் ஒருத்தி ஈரல் இல்லாமல் கிடக்கிறாள், அவள் அண்ணனின் ஈரலை நம்பி நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம், நான் அந்த வரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். முகத்தில் அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது, அறைந்தும் கொண்டேன்.

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பொடியை நிறுத்தினால் தானாகச் சரியாகிவிடாதா? ஆனால் காரணம் தெரியாவிட்டால் டாக்டரம்மா அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடுவார். சொன்னால் மச்சானே விலகிவிடலாம். தன் உடம்புக்குள் கேட்காமல் விஷம் ஊற்றியவனின் குடும்பத்துக்கு ஈரலை வெட்டிக் கொடுக்க எவனுக்கு மனசு வரும்? எப்படிப் பார்த்தாலும் அவள் உயிர்தான் ஆடியது.

மறுநாள் தாளையும் பொட்டலங்களையும் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தேன். மச்சான் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"நான்தாங்க கலந்தேன். அவருக்குத் தெரியாது," என்றேன்.

டாக்டரம்மா பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் பெருமூச்சு விட்டார், நிம்மதியில். கோப்பையில் குடிக்கும் டீ வேறு, அதையே கெட்டியாக்கிச் சாறெடுத்துப் பொடியாக்கினால் வேறு, சிலருடைய ஈரலால் அதைத் தாங்க முடியாது என்றார். உடனே நிறுத்தினால் பெரும்பாலும் தானாகவே தேறிவிடும். மூன்று வாரம் பொறுத்து மறுபடி பார்ப்போம், அதுவரை உங்கள் மனைவியை நான் இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பிறகுதான் திட்டினார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என்னை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

மச்சான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து போய்விட்டார். அன்று மாலை மனைவியிடமும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க," என்றாள். அவ்வளவுதான்.

அந்த மூன்று வாரமும் மச்சான் என்னோடு அச்சுப் பிளேட்டைப் பற்றியும் மசியைப் பற்றியும் மட்டும் பேசினார். டீயைப் பைண்டர் அக்கா கையிலிருந்துதான் வாங்குவார். அக்கா என்னைக் கெட்டில் பக்கமே விடவில்லை. முதலாளியிடம் போய் நின்று அடுத்த அச்சில் அந்த வரியைப் பெட்டியின் முன்பக்கம் போட வைத்தேன், அந்த வாடிக்கையாளர் அதற்குப் பிறகு எங்களிடம் வரவில்லை. இருபத்திரண்டாம் நாள் எண்கள் பழைய இடத்துக்கு இறங்கின. எடை தொண்ணூற்று மூன்று. ஸ்கேனில் கொழுப்பு எட்டு சதவீதம். அவருடைய நடையும், வாயைக் கட்டிய கட்டும், எட்டுப் பேர் குடித்த கசப்பும் சேர்ந்து செய்த வேலை அது. ஆபரேஷன் அன்று காலை தள்ளுவண்டியில் போகும்போது மச்சான் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

பதினோரு மணி நேரம். இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

எட்டாம் நாள் மச்சான் வயிற்றைக் கையால் அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் மெதுவாக நடந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். என்னை ஒரு தடவை நன்றாகத் திட்டிவிடுங்கள் மச்சான், இப்படி இருந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றேன். அவர் ஜன்னலோரப் பெஞ்சில் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"அன்னைக்கு நீ சொன்ன பிறகு, தானம் கொடுக்கிறவங்களைக் கவனிக்கிற அந்தம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க மாப்ள. உங்களுக்கு விருப்பமில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க, ஈரல் சேரலைன்னு மட்டும் வீட்டுல சொல்லிடுவோம், ஒருத்தருக்கும் தெரியாதுன்னாங்க. நான் சரின்னு சொல்ல வாயெடுத்தேன்."

அவர் வயிற்றை இன்னொரு தடவை அணைத்துக்கொண்டார்.

"பயம். முதல் நாள்லேர்ந்தே பயம். வயித்தைக் கிழிக்கிறதுன்னா சும்மாவா? உன்மேல இருந்த கோவம் நல்ல சாக்காப் போச்சு. நாளைக்குச் சொல்றேன்னுட்டு தங்கச்சியைப் பார்க்கப் போனேன். எப்படித்தான் கண்டுபிடிச்சாளோ, அவளே ஆரம்பிச்சா. 'உனக்கு மனசில்லைன்னா வேண்டாம்ணா, நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா அவர் பண்ணினதைக் காரணமாச் சொல்லிட்டுப் போகாதே. நான் போன பிறகு அதை வச்சுக்கிட்டு அவரால இருக்க முடியாது'ன்னா."

மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அதுக்கு மேல நான் என்ன மாப்ள பண்ண முடியும்?" என்றார்.

நான் அவர் முழங்காலில் தலையை வைத்து அழுதேன். நடையில் போனவர்கள் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும். அவர் என் முதுகில் இரண்டு தடவை தட்டினார். வயிறு வலிக்கிறது, எழுந்திரு என்றார்.

எழுந்து அவள் அறைக்குப் போனேன். விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். கண்ணில் மஞ்சள் போய்ப் பழைய வெள்ளை வந்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னாச்சுங்க என்று கேட்டாள். அவளிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன் அண்ணன் என்னோட பேசிட்டாரு என்று மட்டும் சொன்னேன்.